ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்த மாடு

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்று சொல்லிவைத்தவருக்கு, ஆடவும் தெரியாத பாடவும் தெரியாத ஒரு மிஷின் கறக்க வரும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தப் பண்ணைக்கு அது வந்துவிட்டது. ஒரு மாடு மட்டும் நிற்கிற அளவுக்கு இரும்புக் கூண்டு, பக்கவாட்டில் மடங்கி நீளும் ஒற்றைக் கை, கையின் நுனியில் மடியைத் தேடும் சிவப்பு வெளிச்சம். மாடு தானாக உள்ளே போக வேண்டும். போனால் முன்னால் தொட்டியில் தீவனம் விழும், பின்னால் கதவு மூடும், கீழே கை வரும். கறந்து முடிந்ததும் முன்கதவு திறந்து வெளியே அனுப்பிவிடும். யாரும் பிடிக்க வேண்டாம், ஓட்ட வேண்டாம், அதட்ட வேண்டாம். மிஷினை மாட்ட வந்தவர் இதைப் பெருமையாக விளக்கியபோது, பத்தொன்பது வருஷமாக அங்கே பிடித்தும் ஓட்டியும் அதட்டியும் கறந்தவள் பக்கத்தில்தான் நின்றாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

கறவைக்காரி என்றால் அந்தப் பண்ணையில் அவள் ஒருத்திதான். சுற்றி இருந்தவர்களுக்கு அக்கா, வீட்டில் புருஷனுக்கு "இவளே". வேலை போய்விடும் என்றுதான் முதலில் பயந்தாள். போகவில்லை. தானாக வராத மாடுகளைத் தேடிப்போய் ஓட்டிவர ஒரு ஆள் வேண்டுமாம், அது நீங்கதான் அக்கா என்று முதலாளி சொல்லிவிட்டான். அவனுக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. அப்பா காலத்தில் அவனைத் தம்பி என்று கூப்பிட்டவள், அவன் முதலாளியான பிறகும் தம்பி என்றே கூப்பிட்டாள். அவனும் அதை மாற்றச் சொல்லவில்லை. நல்ல பையன்தான். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் கிடையாது, அதுதான் இதில் இருக்கிற கஷ்டம்.

சிக்கல் எண்ணிக்கையில் இருந்தது. அந்த மிஷின் ஒரு நாளைக்கு அறுபது மாட்டுக்கு மேல் கறக்காது. பண்ணையில் இருந்தது அறுபத்து நாலு. நாலு மாடு போக வேண்டும். கறவை நின்ற மாடு எங்கே போகும் என்று கேட்கத் தேவையில்லை, வியாழக்கிழமை வருகிற அடிமாட்டு லாரிக்கு எல்லாரும் வழி விட்டுத்தான் நிற்பார்கள். மூன்று மாடுகளைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. ஒன்று நொண்டி. ஒன்று மூன்று வருஷமாகச் சினை பிடிக்காதது. இன்னொன்றுக்குப் பின்காம்புகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததால் சிவப்பு வெளிச்சத்துக்கு எது எது என்று தெரியவில்லை. நாலாவது மட்டும் பாக்கி. மிஷின் ஓடத் தொடங்கி ஆறு வாரத்துக்குள் எந்த மாடு தானாகப் போகப் பழகவில்லையோ அது நாலாவது என்று முதலாளி முடிவு செய்தான். அது உதைகாலிதான் என்று பண்ணையில் பேசாத ஆளில்லை.

உதைகாலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கறுப்பு மாடு, ஒற்றைக் காது கிழிந்தது. அது உதைக்காத ஆள் அந்தக் கொட்டகையில் கிடையாது. கறவைக்காரியின் இடது முழங்காலில் மழை வருவதற்கு முந்தின நாள் வலிக்கிற இடம் அதன் உபயம். அதற்கு நேர் எதிர் ஒட்டுப்புல். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. தாய் கன்று போட்ட கையோடு செத்துப்போக, கறவைக்காரிதான் பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தாள். புல்காட்டில் நடந்தால் சேலையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருமே ஒரு புல், அப்படி அவள் போகிற இடமெல்லாம் வந்ததால் அந்தப் பெயர். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி "ட்டொக்" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். பாட்டிலோடு வரும்போது கொடுத்துப் பழகிய சத்தம். மூன்று ஈற்று ஈன்று இவ்வளவு பெரிய மாடாகிவிட்ட பிறகும், எங்கே நின்றாலும் அந்தச் சத்தத்துக்கு ஒட்டுப்புல் வந்து நிற்கும்.

அவள் புருஷன் வெல்டிங் வேலைக்காரன். பண்ணையில் கேட் போடுவது, கம்பி ஒட்டுவது எல்லாம் அவன்தான். "இருபத்தஞ்சு வருஷமா கூப்பிடறே, நான் ஒரு தடவையாவது இப்படி வந்திருக்கேனா" என்று கேட்பான். வரவில்லை என்பது உண்மை.

மிஷின் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் மாட்டு டாக்டரம்மா ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். சின்ன வயசு, நிறையப் படித்தவள், சேற்றில் காலை வைக்கத் தயங்காதவள். மாடு எந்தக் குணம் என்று முன்கூட்டியே தெரிந்தால் மிஷினுக்குப் பழக்குவது சுலபம் என்றாள். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும். ஒன்று என்றால் பரம சாது, ஐந்து என்றால் கிட்டே போக முடியாதது. மடியைத் துடைக்கும்போது எத்தனை தடவை காலைத் தூக்குகிறது, பால் உறிஞ்சும் கிண்ணத்தைக் காம்பில் மாட்டும்போது உதைக்கிறதா, கை பட்டால் உடம்பு சிலிர்க்கிறதா, இதையெல்லாம் பார்த்துப் போட வேண்டும். அறுபத்து நாலு மாட்டையும் டாக்டரம்மா தொட்டுப் பார்த்து முடிக்க ஒரு வாரம் ஆகும். கறவைக்காரி ஒரு காலைக் கறவையில் முடித்துவிட்டாள். உதைகாலிக்கு வந்தபோது ஐந்துக்கு மேல் நம்பர் இல்லையா என்று கேட்டாள். ஒட்டுப்புல்லுக்கு ஒன்று போட்டாள். பூஜ்யம் இருந்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆனால் அவள் பொய் எழுதவில்லை. அவள் கை பட்டால் ஒட்டுப்புல் கண்ணை மூடிக்கொண்டு அசைபோடும். காலைத் தூக்கியதாகச் சரித்திரமே இல்லை. பார்த்ததைத்தான் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு நல்ல மார்க் வந்ததுபோல அன்று வீட்டில் போய் இரண்டு தடவை சொன்னாள்.

அந்த மார்க்கை வைத்துத்தான் பழக்கினார்கள். நாலும் ஐந்தும் வாங்கிய மாடுகளுக்குப் பத்து நாள் பயிற்சி. கை நீளாத வெறும் கூண்டு, இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும், தொட்டியில் தீவனம் மட்டும் விழும். உதைகாலி முதல் நாள் கூண்டை உதைத்தது, இரண்டாம் நாள் தீவனத் தொட்டியை உதைத்தது, மூன்றாம் நாள் தீவனத்தைத் தின்றது. ஒன்றும் இரண்டும் வாங்கிய சாதுக்களுக்குப் பயிற்சி தேவையில்லை, அவை பார்த்துப் பழகிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். அதில் ஒரு ஆளும் தப்பு காணவில்லை. கறவைக்காரிக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

மிஷினை ஓட விட்ட அன்று பழைய கறவைக்கூடத்தின் கதவை அவள் புருஷன் வந்து வெல்டிங் வைத்து அடைத்தான். அவன் கண்ணாடி முகமூடியைக் கழற்றிவிட்டுத் திரும்பினால் பின்னாலேயே ஒட்டுப்புல் நின்றுகொண்டிருந்தது. ஆறு மணிக்கு அங்கேதான் வர வேண்டும் என்று அதற்குத் தெரியும். கதவு திறக்கும், அவள் இருப்பாள், கை படும். கதவு திறக்கவில்லை. மத்தியானம் வரை அந்த ஒட்டுப்போட்ட இரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. மடியிலிருந்து பால் தானாகச் சொட்டியது.

உதைகாலியோ முதல் வாரத்தில் அந்த ஒற்றைக் கையை ஒரு வழி பண்ணியது. எட்டி உதைத்தால் மனுஷன் விலகுவான், கத்துவான், இரண்டு நாள் நொண்டுவான். இந்தக் கை விலகியது, திரும்ப வந்தது. உதைத்தது, திரும்ப வந்தது. கோபப்படாத எதிரியோடு எத்தனை நாள்தான் சண்டை போடுவது. நாலாம் நாள் உதைகாலி அலுத்துப்போய்த் தீவனத்தில் வாயை வைத்துக்கொண்டு என்னவோ செய்துகொள் என்று நின்றுவிட்டது. பத்தாம் நாள் ஒரு நாளைக்கு ஐந்து தடவை வரிசையில் மற்ற மாடுகளை முட்டித் தள்ளிவிட்டு உள்ளே போனது. மிஷின்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்க பண்ணையிலேயே இதுதான் நம்பர் ஒன் என்றார். கறவைக்காரி முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

ஒட்டுப்புல் போகவில்லை. பயந்து ஓடவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. கூண்டுக்குப் பத்தடி தள்ளி நின்று, யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தது. அது தெரிந்துவைத்திருந்த ஒரே ஒழுங்கு அதுதான்.

வராத மாடுகளின் நம்பர் தினமும் டேப்லெட்டில் சிவப்பாக வரும். கறவைக்காரி அதைப் பார்த்து மாட்டைத் தேடிப்போய் ஓட்டிவந்து கூண்டில் ஏற்றிவிட்டு, "ஓட்டி வந்தது" என்ற பொத்தானை அமுக்க வேண்டும். மற்ற மாடுகளுக்கு அமுக்கினாள். ஒட்டுப்புல்லுக்கு அமுக்கவில்லை. காலை ஆறு மணிக்கு ஒரு "ட்டொக்", சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு "ட்டொக்". அவள் கூண்டின் கம்பியோரமாக நடப்பாள், அது பக்கத்திலேயே உள்ளே நடக்கும். கதவு மூடும்போது நடுங்கும். அவள் கம்பி வழியாகக் கையை விட்டு விலாவில் வைத்துக்கொள்வாள். ஒற்றைக் கை வந்து மடியைத் தேடும். கறந்து முடிகிற ஏழு நிமிஷமும் அவள் கையை எடுக்க மாட்டாள். கம்ப்யூட்டருக்கு மாடு வந்தது தெரியும், கறந்தது தெரியும். விலாவில் ஒரு கை இருந்தது தெரியாது. சில நாள் பழக்கிவிட்டால் பிறகு தானாகப் போய்விடும் என்றுதான் நினைத்தாள். மனசார நினைத்தாள்.

ஐந்து வாரம் ஓடியது. ஒட்டுப்புல்லின் நம்பர் சிவப்பில் வரவே இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர. ஞாயிறு அவளுக்கு லீவு.

அதை மிஷின்காரர்தான் கண்டுபிடித்தார். மாதக் கணக்கு பார்க்க வந்தவர், மாடு வந்த நேரங்களைக் கம்ப்யூட்டர் போட்டுக்காட்டிய கோட்டைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மற்ற மாடெல்லாம் நினைத்த நேரத்துக்கு வருகிறது, இது ஒன்றுதான் கவர்ன்மென்ட் ஆபீஸ் மாதிரி காலையில் ஆறு, சாயங்காலம் நாலு, ஞாயிற்றுக்கிழமை லீவு என்றார். முதலாளியும் சிரித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவள் கோட்டைப் பார்த்தாள், பிறகு வாசல்படியில் நின்ற கறவைக்காரியைப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக அழைத்துக்கொண்டு போனாள்.

கறவைக்காரி மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். சாது மாடு டாக்டரம்மா, நீங்களே தாளைப் பாருங்க, ஒண்ணு போட்டிருக்கேன், கொஞ்சம் நாள் குடுங்க என்றாள்.

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அந்த மார்க் போடும்போது மாட்டைத் தொட்டது யாரு?"

"நான்தான்."

"அதான். நீங்க பக்கத்துல இருந்தா அது எப்படி இருக்கும்னு எழுதியிருக்கீங்க. நீங்க இல்லேன்னா எப்படி இருக்கும்னு நமக்கு யாருக்குமே தெரியல. என் தப்புதான். நான் வேற ஆளை விட்டுத் தொடச் சொல்லியிருக்கணும்."

தன் தப்பு என்று அவள் சொன்னது கறவைக்காரியின் காதில் ஏறவில்லை. பயிற்சி கொடுத்திருந்தால் பழகியிருக்குமா என்று மட்டும் கேட்டாள். பழகியிருக்கலாம் என்றாள் டாக்டரம்மா. பொய் சொல்லத் தெரியாத பெண். ஐந்து போட்டிருந்தால் பத்து நாள் பயிற்சி கிடைத்திருக்கும். ஒன்று போட்டதால் கிடைக்கவில்லை. கறவைக்காரி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளைக்குச் சூடு வைத்துவிட்டுப் பெருமையாக வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

டாக்டரம்மா முதலாளியிடம் மன்றாடி மூன்று நாள் வாங்கிக் கொடுத்தாள். அந்த மூன்று நாளும் கறவைக்காரி பண்ணைப் பக்கமே வரக்கூடாது. அவள் குரல், அவள் வாடை, அவள் ரப்பர் பூட்ஸ் சத்தம் எதுவும் இருக்கக்கூடாது. காத்திருந்து காத்திருந்து, இனி வரமாட்டாள் என்று மாட்டுக்கு விளங்கினால், மடி கனக்கிற கனத்தில் தானாகப் போகக்கூடும். சாயங்காலம் மட்டும் இரண்டு ஆட்கள் தள்ளி ஏற்றுவார்கள், மடி வெடித்துவிடக் கூடாதே என்று. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு தடவை அது தானாக உள்ளே போய்க் கறந்துவிட்டால் இன்னும் ஒரு மாதம் தவணை. இல்லாவிட்டால் வியாழக்கிழமை லாரி.

"அக்கா, நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க, அறுபதுக்கு மேல அது கறக்காது" என்றான் முதலாளி. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவள் வீட்டில் இருந்தாள். நாலரைக்கு முழிப்பு வந்துவிட்டது. இருந்த பாத்திரத்தையெல்லாம் விளக்கினாள், விளக்கினதையே திரும்ப விளக்கினாள். ஆறு மணி ஆனதும் நாக்கு தானாக மேலண்ணத்துக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டாள். புருஷன் வேலைக்குப் போகாமல் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருந்தான். கேலி பண்ணவில்லை. அவன் கேலி பண்ணாதது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

சாயங்காலம் பண்ணையிலிருந்து செய்தி கேட்டு வந்தான். தானாகப் போகவில்லை. இரண்டு பேர் தள்ளி ஏற்றியிருக்கிறார்கள். ஏறியும் பாலை விடவில்லையாம், அடக்கிக்கொண்டதாம். ஒரு செம்பு வந்திருக்கும் என்றான். அவள் அன்று சாப்பிடவில்லை. அவனும் சாப்பிட்டதாகப் பெயர் பண்ணிவிட்டு எழுந்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளால் முடியவில்லை. கண்ணாடியைப் பண்ணை அலமாரியில் மறந்து வைத்துவிட்டேன் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது. வழியில் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். யாரிடம் இந்த நடிப்பு என்று அவளுக்கே தெரியவில்லை.

முன்வாசல் வழியாகப் போகவில்லை. வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்த பின்பக்கமாகப் போனாள். அங்கே தகரச் சுவரில் ஒரு கையளவு இடைவெளி உண்டு, அதை அடைக்கச் சொல்லி வருஷக்கணக்காகப் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். காற்று அவள் முகத்துக்கு நேராக அடித்தது. நல்லதாகப் போயிற்று, வாடை அதற்குப் போகாது. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு இடைவெளியில் கண்ணை வைத்தாள்.

சாப்பாட்டு நேரம், கொட்டகையில் ஆள் இல்லை. மாடுகள் பாதி படுத்திருந்தன. உதைகாலி அப்போதுதான் கூண்டிலிருந்து வெளியே வந்து, உதட்டை நக்கிக்கொண்டு போனது. கூண்டு காலியாக இருந்தது. பின்கதவு திறந்திருந்தது. அதற்கு நேர் எதிரில் ஒட்டுப்புல் நின்றது.

ஒரு நாளைக்குள் இளைத்திருந்தது. மடி மட்டும் கல்லாக வீங்கி, பின்கால்களை அகட்டி வைத்திருந்தது. பழைய கறவைக்கூடத்துக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு கூண்டைப் பார்த்தது. ஒரு அடி வைத்தது. நின்றது. மூக்கை நீட்டித் தரையை முகர்ந்தது. இன்னொரு அடி. வலது முன்கால் கூண்டின் ரப்பர் தரையில் ஏறியது. இடது முன்காலும் ஏறியது. தலை உள்ளே போனது. தொட்டியில் தீவனம் சலசலவென்று விழுந்தது.

கறவைக்காரி தகரத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். போடீ என் தங்கமே, போ, இன்னும் ரெண்டு அடி. நெஞ்சுக்குள் அவ்வளவுதான் இருந்தது. நடை பழகுகிற பிள்ளை இரண்டு அடி வைத்தால் எந்தத் தாயும் கையை நீட்டி வா வா என்றுதான் சொல்வாள். யோசித்துச் செய்வதல்ல அது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

"ட்டொக்."

ஒட்டுப்புல்லின் காது இரண்டும் திரும்பின. தலை வெளியே வந்தது. ஒரு கால், இன்னொரு கால், நிதானமாகப் பின்வாங்கி இறங்கியது. கொட்டகையின் குறுக்கே நேராகத் தகரச் சுவரை நோக்கி வந்து, இடைவெளிக்கு அந்தப் பக்கம் நின்று, ஈர மூக்கைத் தகரத்தில் வைத்து மூச்சு விட்டது. அந்த மூச்சு அவள் கன்னத்தில் பட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாயைத் திறந்தது, கெட்டது மாடு.

அவள் ஓடினாள். முழங்கால் வலியோடு, வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். பார்த்த சாட்சி ஒன்றும் இல்லை. கூண்டுக் கதவு மூடாததால் கம்ப்யூட்டரும் அதை ஒரு வருகையாக எழுதிக்கொள்ளவில்லை. ஒட்டுப்புல் அன்று முழுக்கவும், மறுநாள் முழுக்கவும் அந்தத் தகரச் சுவரைப் பார்த்துத்தான் நின்றதாகப் புருஷன் வந்து சொன்னான். கூண்டுப் பக்கம் திரும்பவே இல்லையாம். எதற்கு அந்தச் சுவரைப் போய்ப் பார்க்கிறது என்று யாருக்கும் புரியவில்லையாம். அவள் அவனிடம்கூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னாள். இரண்டு கால் உள்ளே வைத்தது, நான்தான் கூப்பிட்டேன், இன்னும் மூன்று நாள் வாங்கிக் கொடுங்கள் என்றாள். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு காம்பில் மடிநோய் வந்துவிட்டது என்றாள். பாலில் கட்டி கட்டியாக வருகிறது. ஊசி போட்டால் குறையும், ஆனால் இறைச்சியில் மருந்து தங்கும் என்று ஊசி போட்ட மாட்டை லாரிக்காரர் எடுக்க மாட்டார், அதனால் முதலாளி ஊசி வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டான். இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா, சொல்லி இனிமே ஒண்ணும் ஆகப்போறதில்லை என்றாள். இதமாகத்தான் சொன்னாள். கேட்டவளுக்கு அது தலையில் மண்ணள்ளிப் போட்டதுபோல இருந்தது.

பத்து மணிக்கு லாரி வந்தது. நொண்டியும் சினை பிடிக்காததும் காம்பு ஒட்டினதும் முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிட்டன. ஒட்டுப்புல் ஏறவில்லை. சாய்வுப் பலகைக்கு முன்னால் நாலு காலையும் ஊன்றி நின்றது. கயிற்றைப் போட்டு இழுத்தார்கள், வாலை முறுக்கினார்கள். சாது மிரண்டால் காடு கொள்ளாது, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அது ஒரு ஆளை உதைத்தது. லாரிக்காரர் உள்ளே போய், முனையில் ஷாக் அடிக்கிற தடியை எடுத்துவந்தார்.

முதலாளி ஓடிவந்து அவளிடம் நின்றான். அவள் தீவன அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா... அந்தத் தடியை வெச்சு அடிக்கப்போறாங்க. நீங்க வந்தா..."

அவள் கடைசி மூட்டையை அடுக்கிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் தடி. அவள் நடந்தாள்.

கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள். தடியைத் தூரப் போடச் சொன்னாள். ஒட்டுப்புல்லின் கண்ணில் வெள்ளை தெரிந்தது, விலா படபடவென்று அடித்தது. பக்கத்தில் போய்க் கையை வைத்தாள். வைத்த கையின் கீழே உடம்பு மெல்ல மெல்ல அடங்கியது. பிறகு அவள் சாய்வுப் பலகையில் முன்னால் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை, தேவையில்லை. "ட்டொக்." பின்னால் பலகை அதிர்ந்தது. லாரியின் உள்ளே, முன்கோடி வரைக்கும் அது கூடவே வந்து, எப்போதும்போல அவள் தோளில் தாடையை வைத்து நின்றது. மடி காய்ச்சலில் கொதித்தது. அவள் பேசவில்லை. பேசினால் அழுகை வரும், அழுதால் அது பயப்படும்.

முன்பக்கம் ஆட்கள் இறங்குவதற்கு ஒரு சின்னக் கதவு உண்டு. அவள் புருஷன் கையால் ஒட்டிக்கொடுத்த கதவுதான். அது வழியாக இறங்கினாள். மாடு அதில் நுழைய முடியாது. தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது. லாரிக்காரர் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இவ்வளவு நேரம் நாலு பேரை ஆட்டிவைத்தது, இந்த அம்மா வந்ததும் பசுங்கன்று மாதிரி ஏறிவிட்டதே என்றார். பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து மாட்டு நம்பரை எழுதினார். அதிலும் குணத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, இறக்குகிற இடத்தில் ஆட்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

"எப்படிம்மா, சாதுவா? அங்கே உதைக்குமா?"

கறவைக்காரி கொக்கி மாட்டின கதவைப் பார்த்தாள்.

"தெரியலீங்க" என்றாள். "நான் இல்லாத இடத்துல அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

அவர் பேனாவைக் கட்டத்தின்மேல் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார். பிறகு ஏறும்போது பார்த்ததை வைத்து, ஒன்று என்று போட்டுக்கொண்டார்.